சின்ன கேஸ்தானே என்று ஒப்புக்கொள்ளலாமா? பெங்களூரு வக்கீலிடம் கேள்வி பதில்

அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, சில்லறைத் திருட்டு, தெருத் தகராறு. இப்படிப்பட்ட சிறு வழக்குகளில் மாட்டியவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். பெங்களூரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில், பெரும்பாலும் மேயோ ஹாலில், வழக்கு நடத்துகிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு, பகுதியை மட்டும் விட்டிருக்கிறேன்.

அக்கா, பக்கத்து வீட்டுக்காரரோடு பார்க்கிங் தகராறு. கைகலப்பாகி, அவர் புகார் கொடுத்துவிட்டார். “தப்பை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டு, ஒரே நாளில் முடிந்துவிடும்” என்கிறார்கள். கட்டிவிடட்டுமா? (ஆட்டோ ஓட்டுநர், ஸ்ரீராமபுரம்)

அவசரப்பட வேண்டாம் தம்பி. முதலில் எந்தப் பிரிவில் வழக்கு என்று பாருங்கள். இந்த மாதிரி சண்டையில் வழக்கமாகப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 115(2), அதாவது காயம் ஏற்படுத்துவது. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 352 (வேண்டுமென்றே அவமதிப்பது), 126(2) (வழிமறிப்பது) என்று சேர்ப்பார்கள்.

கோர்ட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நாலைந்து பேரை வரிசையாக நிறுத்துவார்கள். குற்றச்சாட்டைக் கன்னடத்தில் வேகமாக வாசிப்பார்கள். “தப்பு ஒப்கொள்தீரா?” என்று கேள்வி வரும். “ஹௌது” (ஆமாம்) என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானச் சவாரிக்கே போய்விடலாம். ஆனால் பதிவேட்டில் நீங்கள் தண்டனை பெற்றவர். தானாக ஒப்புக்கொண்டவர் பிறகு ‘நான் செய்யவில்லை’ என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையோ அதன் சட்டப்படியான தகுதியையோ பற்றித்தான் பேசலாம், அதுவும் எல்லா வழக்கிலும் கிடையாது.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. நான் சொன்ன மூன்று பிரிவுகளும் சமரசம் செய்துகொள்ளக்கூடியவை. பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டில் வந்து “ராஜி ஆகிவிட்டோம்” என்று சொன்னால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். தண்டனை என்ற பேச்சே வராது. வீட்டுப் பெரியவர் ஒருவரை அனுப்பிப் பேசிப் பாருங்கள். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நாளில் வைத்தும் முடிக்கலாம். தெருவில் தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேரும், அதற்காகவும் இதுதான் நல்லது.

அவர் ஒத்துவரவில்லை, சாட்சியும் உங்களுக்கு எதிராக இருக்கிறது என்றால் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முதல் முறை தவறியவரைக் கண்டித்தோ, நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டோ விட்டுவிடலாம். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வருகிற தகுதியிழப்பு வராது. ஃபைன் கட்டியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. என்னைக் கேட்டால், ஃபைனை விட இதைக் கேட்டு வாங்குவதுதான் மேல். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

என் பையனுக்கு 19 வயது. மொபைல் திருட்டு என்று பிடித்துப் போய்விட்டார்கள். பெயில் கிடைத்துவிட்டது, ஆனால் இங்கே நிலம் இருக்கிறவர் ஜாமீன் போட வேண்டுமாம். நாங்கள் வீட்டு வேலை செய்கிறவர்கள், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பையன் இன்னும் பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் இருக்கிறான். (ஒரு அம்மா, மர்ஃபி டவுன்)

அம்மா, உங்களுடையதைப் போன்ற கேள்விகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன, அதிகம் கோபப்படுத்துவதும் இதுதான். ஜாமீன் கொடுத்துவிட்டு, பஹணி (நிலப் பதிவுச் சான்று) இல்லை என்று ஒரு பிள்ளையை உள்ளேயே வைத்திருப்பது நியாயமே இல்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்தார். ஒரு தமிழரோ மலையாளியோ சாந்தினி சௌக்கில் கைதானால், அங்கே சொத்து உள்ள ஆளுக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொன்னது: விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பது ஒரு காரணம், அப்படிப்பட்ட வழக்குகளில் அந்த நிபந்தனையைப் போடாமல் இருக்கலாம் என்று. ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.

அதனால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ஒரு மனு போட வேண்டும். ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேட்கலாம், அல்லது சொந்தப் பிணையில் விடச் சொல்லலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அல்லது எச். சித்தய்யா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டிடத்துக்கு, அதாவது சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்கு, நேரே போங்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கோர்ட் வாசலில் “ஜாமீன்தாரர் ரெடி” என்று வருகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். பஹணி போலி என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாகும், இன்னொரு வழக்கும் சேரும்.

பையனுக்கு 21 வயது ஆகவில்லை என்பதை வக்கீலிடம் அழுத்திச் சொல்லுங்கள். நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, அந்த வயதுக்குள் இருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணத்தை எழுதியாக வேண்டும். வயதைக் காட்ட பள்ளிச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டிக்கொண்டேன். ஏஜென்ட் ஒருவர் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

ஏஜென்ட் வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185. முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உரிமத்துக்கும் ஆபத்து உண்டு. மீட்டர் காட்டிய அளவு தெளிவாக இருந்தால் இதில் வாதாட அதிகம் இல்லை. நீங்களே போய்க் கட்டி, கோர்ட் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. வாரண்ட் வந்துவிட்டதாம். ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். (தினக்கூலி, கே.ஆர். மார்க்கெட்)

போகாதீர்கள். நீங்களே வக்கீலோடு போய் வாரண்டைத் திரும்பப் பெற மனு போட்டால், பெரும்பாலும் ஒரு எச்சரிக்கையோ சிறு தொகையோ விதித்து விட்டுவிடுவார்கள். போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால் அதே நீதிபதியின் முகம் வேறு.

கூலிக்குப் போகிறவருக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. காலையில் போய் வராந்தாவில் நின்றால், மூன்று மணிக்கு “அடுத்த தேதி” என்பார்கள். இரண்டு நிமிடம் கூட நீதிபதி முன்னால் நிற்க மாட்டோம். வழக்கு தோற்றவர்களைவிட இப்படி அலைந்து வேலையை இழந்தவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்டு வக்கீல் மனு போடலாம். முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள், அன்று காலையில் போன் செய்யாதீர்கள். உங்கள் வழக்கின் அடையாளமான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கி வைத்தால், ஈ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்று. நம் ஆட்களுக்கு இனிஷியல் தொல்லை உண்டு. குற்றப்பத்திரிகையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்று இருந்தால் கடைசியில் தீர்ப்பு நகல் வாங்கும்போது தலைவலி. முதல் வாய்தாவிலேயே திருத்தச் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், கம்பெனி மாறவும் போகிறேன். மறைத்துவிடலாமா? (ஐடி ஊழியர், ஒயிட்ஃபீல்ட்)

மறைக்காதீர்கள். 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அரசு வேலை சார்ந்தது என்றாலும் பாடம் எல்லோருக்கும் பொருந்தும்: அற்பமான வழக்கை மறைத்ததை நிர்வாகம் மன்னிக்கலாம், ஆனால் மன்னித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உள்ளதைச் சொன்னவருக்குப் பேச வழி இருக்கிறது.

பாஸ்போர்ட்டுக்கு வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கலாம், மத்திய அரசின் 1993 அறிவிக்கை அதற்குத்தான். உத்தரவில் எத்தனை ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள்.

சிறைக்குப் பதில் சமூக சேவை என்கிறார்களே, உண்மையா? (அல்சூர்)

உண்மை, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல். ஆனால் ஒரு சில குற்றங்களுக்கு மட்டும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்வது அதில் ஒன்று. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, திருப்பிக் கொடுத்துவிட்டதும் ஒன்று. ஃபைன் கட்டவும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு, வக்கீலே எழுந்து கேட்கட்டும்.

கன்னடம் படிக்கத் தெரியாது. பேப்பரில் கையெழுத்து போடச் சொன்னார்கள், போட்டுவிட்டேன். (பூ வியாபாரி, சிவாஜிநகர்)

அந்தப் பேப்பரின் நகலை வக்கீல் மூலம் உடனே வாங்குங்கள். எந்தப் போலீஸ் வாக்குமூலத்திலும் குற்றம் சாட்டப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. போலீஸிடம் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாலும் அதை உங்களுக்கு எதிரான ஒப்புதலாகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது, அதனால் பயப்பட வேண்டாம். கோர்ட்டில் புரியாத மொழியில் சாட்சி சொன்னால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் உரிமை. “கொத்தில்லா (தெரியாது) சார், தமிழில் சொல்லுங்கள்” என்று சத்தமாகவே கேளுங்கள். மேயோ ஹாலில் தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார்.