எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் விலா வலிக்கிறது என்றால்

அப்பா பைக்கிலிருந்து விழுந்து பத்து நாளாகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் இருமினால் உயிர் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர் மிகைப்படுத்தவில்லை. சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பு முறிவுகள் நிறையத் தப்பிவிடும். விலா வளைந்து போவதால், நேராக எடுக்கும் படத்தில் பக்கவாட்டு விரிசல் மறைந்துகொள்ளும். முன்பக்கம் நெஞ்செலும்போடு சேரும் இடம் குருத்தெலும்பு. அங்கே அடிபட்டால் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

அப்படியென்றால் அந்த எக்ஸ்ரே வீணா? இல்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முதல் வேலை.

சிடி ஸ்கேன் எடுத்தால் விரிசல் தெரியலாம். ஆனால் ஒரு விலா மட்டும் என்றால் வைத்தியம் மாறாது: வலி மாத்திரை, மூச்சுப் பயிற்சி, பொறுமை. ஆறு வாரம் ஆகலாம். மார்பை இறுக்கிக் கட்டாதீர்கள், சளி தேங்கி நிமோனியா வரும்.

அப்புறம், வலி கீழ் விலாக்களிலா? அங்கேதான் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. மூச்சுத் திணறல், காய்ச்சல், வயிற்று வலி, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.