க்யூஆர் கோடு ஆசிரியைக்கு விருது உண்டா?

கே: க்யூஆர் கோடு ஒட்டிப் பாடம் நடத்தும் எங்கள் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு விருது ஏதும் கிடைக்குமா?
– வாசகி, தென்காசி

ப: மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய ஐசிடி (தகவல், தொடர்புத் தொழில்நுட்ப) விருது இருக்கிறது. மாநிலத் தேர்வைத் தாண்டி, தேசிய நடுவர் குழு முன் விளக்க வேண்டும். பாடநூலில் க்யூஆர் கோடு சேர்த்த மகாராஷ்டிர ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே 2020-இல் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் விருதே பெற்றார். அதில் பாதியைச் சக போட்டியாளர்களுக்குக் கொடுத்துவிட்டார்!

கருவியைவிடக் கற்றலில் வந்த மாற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள்: ஒரே பாடத்துக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வுத்தாள்கள் போதும். கோடு 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சுற்றிலும் வெள்ளை விளிம்பு வேண்டும், அதை வெட்டினால் ஸ்கேன் ஆகாமல் போகலாம். பளபளக்கும் லேமினேஷனும் வேண்டாம். கூகுள் டிரைவ் வீடியோவைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்காவிட்டால், நடுவரின் போனில் அனுமதி கேட்டு நிற்கும்.