தண்ணீர் ஸ்ப்ரே ஏன் கேட்கவில்லை

கொசுவை விரட்ட சிட்ரோனெல்லா எண்ணெயை (ஒரு வகைப் புல்லிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) தண்ணீரில் கலந்து ஏற்காட்டில் ஸ்ப்ரே அடித்தும் பிள்ளைகளைக் கொசு கடித்தது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் வேண்டாம், தேங்காய் எண்ணெயில் கலந்து தடவுங்கள். 100 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு சிட்ரோனெல்லா எண்ணெய் 20 சொட்டு போதும்.

உங்கள் ஸ்ப்ரேயில் எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மேலே மிதந்திருக்கும், பாட்டிலுக்குள் இருக்கும் குழாய் அடியிலிருந்து வெறும் தண்ணீரைத்தான் உறிஞ்சியிருக்கும். பாட்டிலை ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள், மேலே படலம் தெரிந்தால் அதேதான்.

முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், அரித்தால் வேண்டாம். வாசனை சீக்கிரம் பறந்துவிடும், அதனால் மணிக்கு ஒரு முறை தடவ வேண்டும்.

கைக்குழந்தைக்குக் கொசுவலைதான். அப்புறம், யாராவது கற்பூரம் சேர்க்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பே வரலாம். டெங்கு இருக்கும் ஊருக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், கடையில் விற்கும் கொசுவிரட்டிக் களிம்பு வாங்குங்கள்.