முன்னேற்றம் எங்கே தெரியும்? – யோகா ஆசிரியையிடம் சில கேள்விகள்

சென்னையில் பல வருடங்களாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களைவிட, "செய்துகொண்டுதான் இருக்கிறேன், எனக்குள் ஏதாவது மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்பவர்கள்தான் இப்போது அதிகம். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியவைதான்.

கேள்வி: ஒரு வருடமாக ஆசனம் செய்கிறேன். பச்சிமோத்தானாசனத்தில் (காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது) இன்னும் கால் கட்டைவிரலைப் பிடிக்க முடியவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் பிடிக்கிறார்கள். (ஆண், 41, கோவை)

பதில்: தொடையின் பின்தசை எவ்வளவு நீளும், இடுப்பு எலும்பு எப்படி அமைந்திருக்கிறது, கை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் பொறுத்தது அது. சிலருக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு வளையும். அவர்கள் முதல் நாளே பிடித்துவிடுவார்கள், அதில் முன்னேற்றம் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் மூச்சைப் பாருங்கள். யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) சென்னையில் கற்றுக்கொடுத்த வழியில் வந்தவர்கள் உருவத்தைவிட மூச்சைத்தான் முதலில் கவனிப்பார்கள். ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்ற வேண்டும் என்பது அவர் வைத்த பாடம். முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு குனியுங்கள். மூச்சு தடங்காமல் நீளமாக வெளியே போகிறதா? போன வருடம் அதே இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருப்பீர்கள். அது போயிருந்தால் உடம்பு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். எழும்போது உங்கள் கை எங்கே போகிறது? முழங்காலை அழுத்துகிறதா, பக்கத்துச் சுவரைத் தேடுகிறதா, சும்மா இருக்கிறதா? மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்றும் பார்க்கலாம். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அப்படி நிற்க முடியவில்லை. அவர்களிடையே அடுத்த சில வருடங்களில் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. கட்டைவிரலைப் பிடிப்பதைவிட விழாமல் நிற்பதுதான் வயதான காலத்தில் கைகொடுக்கும்.

கேள்வி: தினமும் 10,000 அடி நடந்தால்தான் கணக்கா?

பதில்: இல்லை. 1960-களில் ஜப்பானில் நடையை எண்ணும் கருவியை விற்க வைத்த எண்தான் அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பு, அப்புறம் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். அந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

கேள்வி: விபாசனா என்ற மௌன தியான முகாமுக்குப் பத்து நாள் போய்வந்தேன். முதல் வாரம் மிதப்பது போல இருந்தேன். அப்புறம் பழையபடி ஆபீசில் கோபம், வீட்டில் கோபம். எல்லாம் வீணா? (பெண், 36, மதுரை)

பதில்: வீணில்லை அம்மா. முகாமில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், போன் கிடையாது, யாரோடும் பேச்சு கிடையாது, சமையல் உங்கள் பொறுப்பில்லை. கோபப்படுத்த ஆளே இல்லாத இடத்தில் வந்த அமைதி அது. நல்ல அமைதிதான். ஆனால் அதை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

"கோபம் வருகிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது" என்று கேளுங்கள். என்னிடம் வருபவர்களில் நிஜமாக மாறியவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். கத்துவார்கள், ஆனால் பாதி வாக்கியத்திலேயே குரல் இறங்கிவிடும். முன்பெல்லாம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவர், அன்று ராத்திரியே "சாப்பிட்டாயா" என்று கேட்பார். இது தனக்குத் தெரிவதைவிடக் கூட இருப்பவர்களுக்கு முதலில் தெரியும். உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், பூசாமல் சொல்லும். தியானத்திலும் இதே கதைதான். எண்ணம் ஓடத்தான் செய்யும். ஓடிவிட்டது என்று கவனித்து மறுபடி மூச்சுக்கு வருகிறீர்களே, பயிற்சி அதுதான். ஓட்டமே இல்லாத நாளைத் தேடினால் உட்காரவே வெறுத்துவிடும்.

கேள்வி: தினமும் டைரி எழுதுகிறேன். எழுத எழுத என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது. (ஆண், 27)

பதில்: தம்பி, தினமும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை உலுக்கிய விஷயங்களை எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது மனதில் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனம் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. கனப்பது இயல்பு. நான்கு நாளில் அவர் நிறுத்தினார், அதைக் கவனியுங்கள். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று தினமும் எழுதுவது தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போல. "என்ன நடந்தது, நான் என்ன சொன்னேன், அடுத்த முறை என்ன சொல்வேன்" என்று எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள்.

கேள்வி: கோயிலுக்குப் போவதே குறைந்துவிட்டது. பௌர்ணமி கிரிவலமும் நின்றுவிட்டது. ஆன்மிகத்தில் பின்னால் போய்விட்டேனா?

பதில்: திருவண்ணாமலையில் அந்த 14 கிலோமீட்டரும் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுதல் முடிந்தும் தனியாக வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். போவது நின்றதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஏன் நின்றது? கூட்டம் பிடிக்காமல் நின்றிருந்தால் வேறு நாளில் போங்கள், மலை எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறது. யார் மேலோ இருந்த கசப்பால் நின்றிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கசப்பை.

கேள்வி: ஒரு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. தூக்கமில்லை, பசியில்லை. பிராணாயாமம் போதுமா?

பதில்: போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். யோகா செய்கிறோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுப் பயிற்சி அதற்குத் துணையாக இருக்கும், மாற்று ஆகாது.

கேள்வி: மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். இரண்டு வருடமாக எனக்கென்று பத்து நிமிடம் கிடையாது. மற்றவர்கள் வளர்ச்சி, தியானம் என்று பேசும்போது அழுகை வருகிறது. (பெண், 48, திருச்சி)

பதில்: உங்கள் கேள்வியைப் பல தடவை படித்தேன். இப்போதைக்கு உங்கள் முதுகுதான் முக்கியம். அவரைத் திருப்பும்போது கட்டிலுக்கு ஒட்டி நின்று, கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே திருப்புங்கள். முன்னால் குனிந்து இழுக்காதீர்கள். தனியாக முடியாதபோது இன்னொருவர் வரும்வரை காத்திருங்கள். அப்புறம் உங்கள் கணவரிடமோ நாத்தனாரிடமோ "எப்போதாவது வாங்க" என்று சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை அம்மா பக்கத்தில் உட்காருங்கள் என்று நேரம் குறித்துக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் ஆசனம், தியானம் எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.