இலங்கைல அறுகம்பேல தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர் பழைய ஸ்கூட்டிய 'ஓப்பின் பேப்பர்'ல வாங்கினா என்ன பிரச்சின?

ஓப்பின் பேப்பர் எண்டா வேற ஒண்டுமில்ல, வித்தவர் பேர் மாத்துற போம்ல சைன் வெச்சுத் தருவார், வாங்குறவர்ட இடம் வெறுமையா கிடக்கும். சர்ஃப் சீசன் முடிய வித்துட்டுப் போற ஆளுக்கு பேர் மாத்துற செலவும் அலைச்சலும் எதுக்கு எண்டுதான் இப்பிடிக் கைமாறுது, ஆனா சட்டப்படி 14 நாளுக்குள்ள மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவிக்கணும். காணிக்கு காசக் குடுத்துட்டு உறுதி எழுதாம வேலி அடைக்கிற மாதிரித்தான். பொத்துவில் ரோட்டுல ஒரு எக்சிடன்ட் எண்டா பொலிஸ் தேடிப் போறது வண்டிட பதிவுப் புக்ல பேர் உள்ள பழைய ஓனர்ட வீட்டுக்கு, அந்தாள் மௌத்தாகிட்டா மறுகா பேர் மாத்துறது பெரிய தலையிடி. வாங்க முதல் வண்டி உடம்புல அடிச்சிருக்கிற செசி நம்பர புக்கோட ஒப்பிட்டுப் பாருங்க, வண்டி மேல லீசிங் கடன் கிடக்கா எண்டும் பாருங்க.

வண்டிட வருச லைசன்ஸும் இன்சூரன்ஸும் கையில இருந்தா வண்டி நம்மட எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அது ரோட்டுல ஓடுறதுக்குத்தான், பதிவுல உள்ள ஓனர் யாரெண்டு சொல்றது அந்தப் புக்கு மட்டும்தான்.