வெயிலில் லேசர் டேப் ஏன் திணறுகிறது?

கேள்வி: 60 மீட்டர் வரை அளக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த லேசர் டேப் வாங்கினேன். வீட்டுக்குள் நன்றாக வேலை செய்கிறது. மத்தியானம் மனையை அளக்கப் போனால் 25 மீட்டரிலேயே 'எரர்' காட்டுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் போட்டிருப்பது, வெளிச்சம் குறைந்த இடத்தில் வெளிர் நிறப் பரப்பை அளந்தால் கிடைக்கும் தூரம். வண்டி விளம்பரத்து மைலேஜ் மாதிரிதான்.

கருவி அனுப்பும் லேசர் ஒளி எதிரே பட்டுத் திரும்பி வருவதை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. லேசர் சுவரில் பட்டதும் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. லென்ஸுக்குத் திரும்புவது அதில் துளியூண்டு. தூரம் இரு மடங்கானால் அதுவும் கால்வாசியாகிவிடும். உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தொடும். வீட்டு அறையில் சில நூறுதான். லேசரின் சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி கருவிக்குள் உண்டு, ஆனால் வெயிலிலும் அதே சிவப்பு ஒளி இருக்கிறதே! சரி, லேசரின் சக்தியைக் கூட்டலாமே என்றால் கண்ணுக்கு ஆபத்து. அதனால்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் 1 மில்லிவாட்டுக்குள் நிற்கின்றன.

எதிரே இருக்கும் பரப்பும் முக்கியம். சுண்ணாம்பு அடித்த சுவர் கைகொடுக்கும். கருங்கல், ஈரச் செங்கல், கறுப்பு கேட் எல்லாம் ஒளியை விழுங்கிவிடும். பளபளக்கும் டைல்ஸில் சாய்வாக அடித்தால் ஒளி வேறெங்கோ போய்விடும். வெள்ளையாக இருக்கிறதே என்று தெர்மாகோலை மட்டும் வைக்காதீர்கள். ஒளி அதற்குள் ஊடுருவிவிட்டுத் திரும்புவதால் அளவு தப்பும். மங்கலான வெள்ளை அட்டையை எதிர்முனையில் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன்மேல் நிழல் விழுந்தால் இன்னும் நல்லது. காலை ஏழு மணிக்கு முன்போ பொழுது சாயும்போதோ அளந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடையில் கண்ணில் மாட்டும் சிவப்புக் கண்ணாடி ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது உங்கள் கண்ணுக்குப் புள்ளியைக் காட்டும், அவ்வளவுதான். கருவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் கை நடுக்கம். 40 மீட்டரில் கை ஒரு டிகிரி அசைந்தால் புள்ளி சுமார் 70 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமராவுக்கு வைக்கும் முக்காலியில் மாட்டிக்கொள்ளுங்கள். லென்ஸைத் துடையுங்கள், பேட்டரியையும் பாருங்கள்.

அப்படியும் எரர் வந்தால், அதே நேர்கோட்டில் நடுவே ஒரு முளை அடித்து, இரண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள். கருவி எந்த விளிம்பிலிருந்து அளக்கிறது என்ற அமைப்பை அதற்கு முன் பார்த்துவிடுங்கள். அது மாறியிருந்தால் ஒவ்வொரு துண்டிலும் கருவியின் நீளம் அளவுக்குப் பிழை சேரும்.