முதலில் உங்கள் போன், டீச்சர்

அன்புள்ள சார்,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். டிஜிட்டல் குடியுரிமை, அதாவது போனிலும் இணையத்திலும் பொறுப்பாக நடந்துகொள்வது, என்று பத்து விதிகளை சார்ட்டில் எழுதி மாட்டினேன், பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். மறுநாளே ஒரு பையன் அம்மா போனிலிருந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவனைக் கேலி செய்து வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டான். பிள்ளைகள் பாடுவதை, ஆடுவதை எடுத்து நான் ஸ்டேட்டஸ் வைப்பதுண்டு, அதைப் பார்த்து வந்த ஆசையோ என்னவோ. யாரிடமும் சொந்தப் போன் இல்லை. இந்த வயதில் இதெல்லாம் சொல்லித்தரத்தான் வேண்டுமா?

ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

சொந்தப் போன் இல்லாததால்தான் சொல்லித்தர வேண்டும். வாட்ஸ்அப் கணக்குக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது இருக்குமா? ஆக, எல்லோரும் அம்மா பெயரில்தான் உள்ளே வருகிறார்கள். அந்தப் பையன் கேலி செய்தபோது குழுவில் தெரிந்தது அவன் அம்மாவின் பெயரும் படமும். திட்டாமல் இதை மட்டும் அவனுக்குக் காட்டுங்கள்.

'குடியுரிமை' என்ற சொல்லை விட்டுவிடலாம், ரேஷன் கார்டு சமாசாரம் மாதிரி இருக்கிறது.

சார்ட்டைக் கழற்றிவிட்டுப் பெருக்கல் பாடத்துக்குள் இதைக் கொண்டுவந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது. ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் 25, அப்புறம் 125, 625, ஐந்தாவது சுற்றில் 3,125 (குழுவும் ஒரு சாட்தான், அதைச் சேர்த்தால் கணக்கு கைக்கு அடங்காது). பிள்ளைகளே போர்டில் போடட்டும். போட்டு முடித்ததும், முதலில் அனுப்பியவன் இப்போது அழித்தால் எத்தனை போனில் அழியும் என்று கேளுங்கள். மிஞ்சினால் அந்த முதல் ஐந்தில்.

இந்த ஐந்து சாட் கட்டுப்பாடு இந்தியாவில் 2018 ஜூலையில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற வதந்தி போனுக்குப் போன் பரவிக் கிடந்த நேரத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த வயதான அம்மா ஒருவரை ஊரே கூடி அடித்துக் கொன்றது. நாலாம் வகுப்பில் இதைச் சொல்லாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் ஸ்டேட்டஸ். நானும் யோக்கியன் இல்லை. என் மகள் முன்பல் விழுந்து அழுததை எடுத்து குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் சித்தப்பா, அத்தை எல்லோரும் போன் செய்து "பல்லு எங்கடி?" என்று சிரிக்க, அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என்கிட்ட கேட்டியாப்பா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் பத்து விதியையும் மறந்துவிடுவார்கள், டீச்சர் போனை எடுத்ததும் என்ன செய்கிறார் என்பதை மறக்க மாட்டார்கள்.

நாளைக்கு ஒரு படம் எடுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் காட்டி, "போடட்டுமா?" என்று கேளுங்கள். பெற்றோர் சம்மதம் தனி, அதையும் வாங்குங்கள். யாராவது ஒருத்தி "வேணாம் டீச்சர்" என்றால் ஏன் என்று துருவாமல் அவள் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள். உங்கள் வகுப்புக் குழுவில் கிடக்கும் பழைய வீடியோக்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.